இரண்டாவது கேபிள்

சர்வர் அறைக் குளிரில் கணினிக்காரர் குந்தியிருக்கிறார். இரண்டு நெட்வொர்க் கார்டுகள் சேர்ந்து சுமந்தால் வேகம் கூடும் என்று ஜோடி சேர்த்தவர் அவர்தான்; அப்படிச் சேர்த்ததிலிருந்து மூன்று நாளாக ஆபீஸ் மெயில் நத்தையாய் ஊர்கிறது. கோபித்துக்கொண்டு போன மகளுக்கு எழுதிய மெயிலின் பதிலும் அதில்தான் சிக்கிக் கிடக்கிறது என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறார். இப்போது இரண்டாவது கார்டின் கேபிளைப் பிடுங்குகிறார். ஒரு பச்சை விளக்கு அணைகிறது, மற்றது படபடக்கிறது. "சார், பறக்குது! தேங்கிக் கிடந்ததெல்லாம் கொட்டுது," என்று வரவேற்பறைப் பெண் கதவருகே நின்று சிரிக்கிறாள். அவர் மகளின் பெயரைத் தேடித் தன் போனில் மெயிலை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். "எல்லாமே வந்துடுச்சாம்மா?" "ஒண்ணு பாக்கியில்ல சார்." அவள் போய்விடுகிறாள். மின்விசிறிகள் இரைகின்றன. கையிலிருக்கும் கேபிளை அவர் மறுபடியும் அதே இடத்தில் மெல்லச் செருகுகிறார்.