டோஸ் பத்தலை

“இவளுக்கு டோஸ் பத்தலை டாக்டர்” என்றான் வல்லரசு, உட்காருவதற்கு முன்பே. ஓடாத மிக்சியை ரிப்பேர் கடைக்குத் தூக்கி வந்தவன் பேசுகிற தோரணை. பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி கலைப்பிரியா, மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுப்புரத்தில் தனியார் மனநல கிளினிக். டாக்டர் ஆதிநாராயணன் ஓர் ஆளுக்கு ஒதுக்குவது நாலு நிமிஷம். அதிலும் ரெண்டு நிமிஷம் செல்போனுக்குப் போய்விடும்.

“ஏ.டி.எச்.டி. கேஸ், கவனக் குறைபாடு. மாத்திரை பதினெட்டு மில்லிகிராம்ல ஆரம்பிச்சு இப்ப முப்பத்தாறு” என்று ஃபைலைப் புரட்டினார். “மறதியெல்லாம் எப்படிம்மா இருக்கு?”

கேள்வி கலைப்பிரியாவுக்கு. பதில் வந்தது வல்லரசிடமிருந்து. நாலு மாசமாக இந்தக் கூத்துதான். தூ!

“ஒன்னும் சரியில்ல டாக்டர். அடுப்புல பாலை வச்சிட்டு மறந்துடுறா. போன வாரம் வீட்டுச் சாவி பிரிட்ஜுல கெடந்துச்சு. பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து கூட்டிக்கினு வரணும்ன்ற நெனப்பே இல்ல. அது பாவம், அஞ்சரை வரைக்கும் கேட்டாண்ட அழுதுக்கினு நின்னுச்சு. ஒரே பேஜாரா பூடுச்சு.”

கலைப்பிரியா நிமிர்ந்தாள். புழு நெளிகிற சோற்றைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தாள். அவன் அவள் பக்கமே திரும்பவில்லை.

“வீட்ல இருக்கிற பொம்பளை கொஞ்சம் பொறுப்பா இருக்க வேணாமா?” என்று டாக்டர் அவளுக்கு உபதேசம் செய்தார். “எல்லாத்தையும் மாத்திரையே பார்த்துக்குமா? சரி, மாத்திரை கேக்குதா?”

“காலையில போட்டா ரெண்டு மணி வரைக்கும் தலை தெளிவா இருக்கும் டாக்டர்” என்றான் வல்லரசு. “அதுக்கு மேல சர்ருன்னு எறங்கிடுது. பத்து ரேடியோ ஒன்னா பாடுற மாதிரி ஆயிடும்.”

“பரவாயில்லையே! பொண்டாட்டியை இவ்வளவு உன்னிப்பா கவனிக்கிற புருஷனை நான் பார்த்ததே இல்ல.”

உத்தமபுருஷனுக்குச் சான்றிதழ் வேறு. கேட்டால் குமட்டும். வல்லரசுக்கோ வாயெல்லாம் பல்லாகிவிட்டது. திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் அவன்; பாராட்டு வாங்கிப் பழகியவன்.

“எங்க ஊர்லயும் டாக்டர் இருக்காங்க. தெரிஞ்சவங்க பார்த்துட்டா மானம் போயிடுமேன்னுதான் இவ்ளோ தூரம் வர்றேன். அப்படியும் எங்கம்மா மாத்திரை அட்டையைப் பார்த்துட்டாங்க. இவளுதுன்னு சொல்லிட்டேன்.”

“வீட்ல ஏத்துக்கிட்டாங்களா?”

“எங்க டாக்டர்! திருவாமாத்தூர் கோயில்ல எங்க தங்கச்சி கொழந்தைக்கு மொட்டை போட்டோம். இவ ஆசையா மடியில வச்சிக்கினு இருந்தா. தங்கச்சி வெடுக்குன்னு பிடுங்கிக்கிச்சு. பைத்தியத்துக்கிட்ட புள்ளையைக் குடுக்காதன்னு அம்மா எல்லாரு எதிர்லயும் சொல்லிட்டாங்க. பயப்படுறாங்க, என்னா பண்றது?”

தோசை தீய்ந்துபோன சமாச்சாரம் போல அதைச் சொன்னான். கலைப்பிரியாவின் கண் கலங்கியது. அதையும் யாரும் பார்க்கவில்லை.

நர்ஸ் ஜெயம் வந்து அவளை எடை மெஷினில் ஏற்றினாள். “அறுபத்திரண்டு. நாலு மாசமா அதேதாங்க்கா! இந்த மாத்திரை போட்டா பசி செத்துப் போயி எல்லாரும் எளைப்பாங்க. நீங்க மட்டும் அப்படியே இருக்கீங்க.”

பிறகு பி.பி. பட்டையை அவள் கையில் சுற்றினாள். “நூத்தி இருபதுக்கு எண்பது சார்.”

“அப்பப் பயமில்ல. ஐம்பத்து நாலுக்கு ஏத்திடலாம்” என்று டாக்டர் பேனாவைத் திறந்தார். “பி.பி. ஏறியிருந்தா ஏத்தவே மாட்டேன். இதயத்துக்கு ஆபத்து, ஆளையே கவுத்துடும். இவங்களுக்கு அந்தக் கவலை இல்ல.”

“டாக்டர், எனக்கு ஒன்னு...” என்று கலைப்பிரியா வாயெடுத்தாள்.

“நீ சும்மாரு, உனக்கு என்னா தெரியும்?” வல்லரசு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். ஏ.சி. அறைக்குள் வியர்வை. “ஜல்தியா எழுதிக் குடுங்க டாக்டர், பஸ்சைப் பிடிக்கணும்.”

டாக்டர் எழுதிக் கிழித்தார். சீட்டைக்கூட அவளிடம் கொடுக்கவில்லை, வல்லரசிடம்தான் நீட்டினார். வாங்கின கை வெடவெடவென்று நடுங்கியது.

கலைப்பிரியா அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்து மேசைமேல் வைத்தாள். தன் கையிலிருந்து கழற்றிய பி.பி. பட்டையை ஜெயத்திடம் நீட்டினாள்.

“இவருக்குப் பாரும்மா.”

“ஏய், என்னா பண்ற?” வல்லரசு கையை உருவப் பார்த்தான். அவள் விடவில்லை.

டாக்டர் முதல்முறையாகச் செல்போனைக் கீழே வைத்தார். “அவருக்கு எதுக்கும்மா? பேஷன்ட் நீங்கதானே?”

“வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு கால்ல விழாத கொறையா கெஞ்சினாரு, சீட்டுக்கு என் பேரைக் குடுத்தேன். மாத்திரை முழுங்குறது இவருங்க.”