இரண்டாவது டப்பா

இளம்பரிதி இரண்டு ஷூ டப்பாக்களோடு வகுப்புக்குள் நுழைந்ததும் பின்வரிசைப் பையன்கள் குஷியானார்கள். சார் ஆம்பூரில் தள்ளுபடியில் ஷூ வாங்கிக்கொண்டு நேரே காலேஜுக்கு வந்துவிட்டார் என்று ஒரே கேலி.

அவருக்குச் சிரிக்க நேரமில்லை. வேலூரின் அந்தக் கல்லூரிக்குத் தற்காலிகமாக வந்தவர். வேலை நிலைக்குமா என்பது இந்த ஒரு வகுப்பில்தான் இருந்தது. கடைசி பெஞ்சில் துறைத்தலைவர் ஞானசீலன் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

பாடம் குவாண்டம் கம்ப்யூட்டர். 2002-ல் அந்தப் பெயரே அங்கே பலருக்குப் புதிது. சாதாரண கம்ப்யூட்டரின் பிட் பூஜ்யமாக இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றாக இருக்கும். க்யூபிட் அப்படியில்லை, அளந்து பார்க்கிறவரை இரண்டும் கலந்தே இருக்கும். பார்த்தால் ஏதோ ஒன்றாகிவிடும். அந்தக் கலவை கலைந்துபோகாமல் கணக்குப் போடுவதில்தான் சாமர்த்தியம் என்றார்.

பிறகு ஒரு டப்பாவை முன்வரிசை கரோலினிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு குழந்தையின் இடதுகால் ஷூ. டப்பா புதிது, ஷூ பழையது. அடியில் காய்ந்த மணல்கூட ஒட்டியிருந்தது.

"அப்ப இதுல இன்னா இருக்கும்?" என்று மேஜைமேல் இருந்த மற்ற டப்பாவைத் தொட்டார்.

"ரைட் சார்," என்றாள் கரோலின்.

"பாக்காமலே சொல்லிட்ட. பின்னிப் பிணைஞ்ச ரெண்டு க்யூபிட்டும் இப்படித்தான், ஒண்ணைப் பாத்தா இன்னொண்ணு தெரிஞ்சிடும். ஒரே ஒரு வித்தியாசம். ஷூவுக்கு டப்பாவுல வைக்கிறப்பவே முடிவாயிடுது. க்யூபிட்டுக்குப் பாக்குற வரைக்கும் முடிவே கெடையாது."

வகுப்பு சிரிப்பை விட்டுவிட்டுக் கவனிக்கத் தொடங்கியிருந்தது.

ஞானசீலனுக்குத் திருப்தி. எழுந்து முன்னால் வந்தவர், சோதனை பாதியில் நிற்கக்கூடாது, இரண்டாவது டப்பாவையும் திறந்து காட்டுங்கள் என்றார். இளம்பரிதி வேண்டாம் என்று தலையசைத்தார்.

அதை நூலால் கட்டிக் கொடுத்தது அவர் மனைவி ஹெலன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவு. ஜோடி சேராத ஷூவை அங்கே கத்தியால் கீறித் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பதால், டப்பா விஷயத்தில் அவளுக்குக் கண்டிப்பு ஜாஸ்தி. இரண்டும் ஒன்றாகவே போய் ஒன்றாகவே வரவேண்டும், இதைத் திறக்கவே கூடாது என்று காலையில் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

"ஷூவுக்குத்தான் முன்னாடியே முடிவாயிடுதுன்னு நீங்களே சொன்னீங்க. தொறந்தா என்ன மாறிடப் போவுது?" என்று ஞானசீலனே நூலை இழுத்தார்.

டப்பா காலி.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஞானசீலன் முகம் சுருங்கியது. "முக்கியமான கிளாஸ். இன்னொண்ணை வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

இளம்பரிதி மூடியைப் போட்டு, நூலை மறுபடி கட்டினார். முடிச்சு விழவில்லை.

"பாலாத்துல மணல் அள்ளுன குழித் தண்ணியிலேருந்து தூக்கறப்ப, எம்பொண்ணு கால்ல ஒண்ணுதான் சார் இருந்திச்சி."