சுவருக்கு ஒரு சாண்

நீச்சல் குளத்தின் கடைசி நீளம். நீருக்கடியில் சுவரின் நீல ஓடுகள் நெருங்கி வருகின்றன.

அவள் தோள் பொய் சொல்லாது. மலைக்குப் போவதற்கு முன்பு எங்கே வலித்ததோ அங்கேயேதான் இப்போதும் வலிக்கிறது. மூச்சும் அதே இடத்தில்தான் முட்டுகிறது.

ஆனால் ஊட்டி முகாமிலிருந்து இறங்கிய நாள்முதல் கோச்சின் ஸ்டாப்வாட்ச் வேறு கதை சொல்கிறது. தினமும் ஒரு புதுச் சாதனை.

"மேல காத்து கம்மி. அங்க மூச்சுக்குத் திணறுனா ரத்தம் ஊறும். கீழ இறங்குனா மீனு மாதிரி போவீங்க."

கண்டவரிடமெல்லாம் இதைச் சொல்லி, கால் தேய அலைந்து அந்த முகாமுக்கு அனுமதி வாங்கியவர் அவர்.

அங்கே அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. உடம்பில் ஊறியதா, தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. வீட்டிலேயே முதல் டிகிரி அவளுடையது. அது பீரோவுக்குள் சும்மா கிடக்கிறது.

அந்தப் போட்டியில் நீச்சல்காரி தொட்டதும் சுவரில் பொருத்திய மின்பலகையே நேரத்தைப் பதிவுசெய்துகொள்ளும். முன்கூட்டியே அழுத்த, சுவருக்குக் கட்டைவிரல் கிடையாது.

ஒரு சாண் இருக்கும்போது கையை இழுத்துக்கொண்டாள்.

தொடவில்லை. அப்படியே மிதந்தாள்.

தலையைத் தூக்கினாள். கோச்சின் கட்டைவிரல் பொத்தானை அழுத்தி முடித்திருந்தது.

"ஏய்! பழைய ரெக்கார்டெல்லாம் காலி! மலைக்காத்துன்னா சும்மாவா!"

ஊட்டி முகாமுக்குப் போய்வந்தவர்கள் கைதட்டினார்கள். கொஞ்சம் அவசரமாகவே தட்டினார்கள். ஒருவர்கூட அவள் கையைப் பார்க்கவில்லை.

ஜெசிந்தா மட்டும் தட்டவில்லை. மலைக்குக் கூட்டிப்போகாமல் கழித்துவிடப்பட்டவள். அந்த இடம் இவளுக்குப் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சே இல்லை. கரையில் உட்கார்ந்திருந்த அவள் பார்வை, இவள் கைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த தண்ணீரில் நின்றது.

ஜெசிந்தா இவளுக்கு அரை நொடிகூடச் சும்மா தரமாட்டாள்.

இவள் நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"சார், இன்னொரு தடவை போறேன். வாட்ச்சை ஜெசிந்தாகிட்ட குடுங்க."

கைதட்டல் நின்றது.

கோச் சிரிக்கப் பார்த்தார். "உனக்கும் அவளுக்கும்தான் ஆகாதே?"

"அதுக்குத்தான் சார்."

ஜெசிந்தா எழுந்து வந்தாள். ஈரக் கையைத் துண்டில் துடைத்தாள். கையைக் கோச்சின் முன்னால் நீட்டினாள்.

இவள் கரையேறி, குதிக்கும் மேடையில் போய் நின்றாள். கண்ணாடியை இறக்கிக் குனிந்தாள்.

வாட்ச்சின் கயிறு இன்னும் கோச்சின் கழுத்தில்தான் கிடந்தது. வாட்ச்சை அவர் உள்ளங்கை மூடியிருந்தது.

ஜெசிந்தாவின் கை நீண்டபடியே இருந்தது.