கர்சரைப் பிடித்த விரல்

வாசலூர்பட்டி கம்ப்யூட்டர் கடையின் ஜன்னலில் மேகம் வந்து அடைத்துக்கொண்டு நிற்கிறது. சவூதி முதலாளிக்குப் போகும் மெயிலில், வலமிருந்து ஓடும் அரபி வரிக்கு நடுவே, கடைப்பெண் கலைமணி, அங்கே வேலைக்குப் போன பிரேமின் பெயரை ஆங்கிலத்தில் அடிக்கிறாள். போன வாரம் இப்படி அடித்தபோதெல்லாம் கர்சர் மறுகோடிக்குத் தாவி, வரியே சிதறிப்போனது. அதைப் பிடித்து வைக்க, பிரேமின் அம்மா அத்தாயி மிளகு மணக்கும் விரலால் திரையை அமுக்கிக்கொண்டாள். சிதறிய மெயிலுக்குப் பதில் வரவில்லை. நேற்று பிரவுசரைப் புதுப்பித்ததும் கோளாறு தீர்ந்துவிட்டது. இன்றும் அத்தாயி விரலை வைக்கிறாள். "ஓடலயா கண்ணு?" "இல்லீங்கம்மா, இனி ஓடாதுங்க." போன வாரம் மகனுக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லிக் கேட்டார்கள், இன்று அவன் உடலை அனுப்பச் சொல்லிக் கேட்கிறார்கள். மெயில் போய்விட்டது. வெறுமையான திரையில் அந்த விரல் இன்னும் அமுக்கிக்கொண்டிருக்கிறது.