குலுங்காத வண்டி

"பொண வண்டிக்கு எதுக்கு மேடம் இவ்வளவு சொகுசு?"

அருள்பிரகாஷ் இப்படிக் கேட்டதும், தன் புதுக் காருக்கு ஸ்பிரிங் பார்க்க வந்திருந்த ஹரிகிருஷ்ணன் சிரித்துவிட்டான்.

ரெட்டியார்பாளையம் மெயின் ரோட்டில் அருள்பிரகாஷுக்குக் கார் சஸ்பென்ஷன் கடை. மெரின் அமரர் ஊர்தி ஓட்டுகிறவள். வேனும் அவளுடையதுதான்.

"சொன்னதைப் போடுங்கண்ணே. இருக்கறதுலயே சாஃப்ட்டான ஸ்பிரிங். பின்னாடி ரெண்டு பக்கமும் நல்ல கேஸ் ஷாக் அப்சார்பர்."

"சாஃப்ட்டா போட்டா வளைவுல சாயும் மேடம். இந்த மாதிரி வண்டிக்குக் கெட்டி ஸ்பிரிங்தான் கரெக்ட். வருஷக்கணக்கா உழைக்கும்."

"நான் மெதுவாத்தான் போவேன். சாயாது."

"ஏறிப் போறவங்க இடுப்பு வலிக்குதுன்னு உங்ககிட்ட வந்து கம்ப்ளெய்ன்ட் பண்ணப் போறாங்களா என்ன?"

"போட்டிக்கு இன்னொரு வண்டி வந்திருக்கும்ணே. அதான் பந்தா காட்டறாங்க" என்றான் ஹரிகிருஷ்ணன்.

மெரின் காதில் விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் வேலை முடிந்தது. சாவியை அருள்பிரகாஷிடமே நீட்டினாள்.

"நீங்க ஓட்டுங்க. முன்னாடி இருக்கற ஸ்பீட் பிரேக்கர்ல ஏத்தி இறக்குங்க."

"நீங்க?"

"நான் பின்னாடி படுத்துக்கறேன்."

சொன்னபடியே பின்கதவைத் திறந்து, ஸ்ட்ரெச்சரில் ஏறி மல்லாந்து படுத்துவிட்டாள். அருள்பிரகாஷுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"வேணாம் மேடம். பார்க்கவே நல்லா இல்ல."

"ஒண்ணும் ஆகாது, எடுங்க. தம்பி, நீங்க சும்மாதானே நிக்கறீங்க? ஏறி இந்த பெஞ்சுல உட்காருங்க. என் தலை ஆடுதான்னு பார்த்துச் சொல்லுங்க."

ஹரிகிருஷ்ணன் சிரித்துக்கொண்டேதான் ஏறினான். மெரின் கண்ணை மூடி, உடம்பைத் தளர விட்டாள்.

வண்டி ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியது.

"ஆடுது. ரெண்டு பக்கமும்" என்றான் ஹரிகிருஷ்ணன். குரலில் சிரிப்பு இல்லை.

மெரின் எழுந்து உட்கார்ந்தாள். "வேற ஷாக் மாத்துங்கண்ணே."

"மேடம், இதுவே நல்ல அயிட்டம்..."

"இதைவிட நல்லது இருக்கில்ல? அதைப் போடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். மறுபடி மெரின் படுத்தாள். மறுபடி ஹரிகிருஷ்ணன் பெஞ்சில் உட்கார்ந்தான். வண்டி இந்த முறை தொட்டில் மாதிரி ஏறி இறங்கியது.

"இப்போ?"

"அசையவே இல்லக்கா."

"சரி. இதுவே இருக்கட்டும்" என்று இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அருள்பிரகாஷுக்கு மனசு கேட்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க மேடம். செத்தவங்களுக்குத் தலை ஆடினா என்ன, ஆடாட்டி என்ன?"

"அவங்களுக்கு ஒண்ணுமில்லண்ணே."

மெரின் பின்கதவைச் சாத்தினாள்.

"போன மாசம் ஆஸ்பத்திரியிலேர்ந்து கனகசெட்டிக்குளத்துக்கு ஒரு பையனைக் கொண்டுபோனேன். தம்பி உட்கார்ந்த பெஞ்சுலதான் அவங்கம்மா. வழியெல்லாம் ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொண்ணுலயும் அவன் தலை ஆடிச்சு. ஒவ்வொரு வாட்டியும் அந்தம்மா என் சீட்டைத் தட்டி, 'வண்டிய ஆஸ்பத்திரிக்கே திருப்பும்மா, எம்புள்ள அசையறான்'னாங்க."