எல்ஸியின் முதல் இறால்

ஒரு நாயின் உடம்பு ஒருமுறை தாங்கிய கடல் உயிரியின் நஞ்சு மறுமுறை அதைக் கொன்றபோதுதான் ஒவ்வாமை என்னும் உடம்பின் மூர்க்கம் தெரியவந்தது என்று தூத்துக்குடிக் கல்லூரியில் இருபது வருடமாகப் பாடம் நடத்தியவள் எல்ஸி. அவளுக்கே இறால் ஒவ்வாமை; தின்றால் எமன்தான். இறால்மீது உடம்புக்குள்ள பகையை மறக்கடிக்கும் புது ஊசி போட்ட பத்தாம் நாள், மருத்துவமனையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இறாலைத் தின்றாள். அரை மணி நேரமாகியும் மூச்சு அடைக்கவில்லை. சிரிப்புத்தான் அடங்கவில்லை.

கணவர் செலஸ்டின் அழுதேவிட்டார். “ஒன்னு சொல்லணும் எல்ஸி. சாயங்காலம் நடக்கப் போறேன்னு சொல்லிட்டு, துறைமுகத்துல இறால் தின்னுட்டு, பல்லு வெளக்கிட்டு வருவேன்.”

“எத்தனை வருசமா?”

“கல்யாணம் ஆனதுலேருந்து.”

“அடப்பாவி மனுசா! அந்தக் கடைய இப்பவே காட்டுங்க!”

“இன்னும் ஒரு மணி நேரம் இருக்கணும் மேடம்!” என்று நர்ஸ் கத்தினாள். எல்ஸியோ மருத்துவமனை அங்கியோடு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தாள்.