உள்ளங்கை எடை

எதைக் கையில் எடுத்தாலும் எடை பார்ப்பது மளிகைக்கடைக்காரியின் பழக்கம். புற்றுநோய்க்கு ஒரு மார்பைப் பறிகொடுத்தவள், செயற்கை மார்பகக் கடையின் திரைக்குள் நின்று, சிலிக்கான் மார்பகத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கிறாள். இழந்ததன் கனமேதான், ஆனால் எடைக்கல்போல் சில்லிட்டிருக்கிறது. "பஞ்சே போதும். இந்த வயசுல உன்னை யாரு பாக்கப் போறா?" என்று வாசலில் கணவர் சொன்னது காதைவிட்டு அகலவில்லை. சிலிக்கானை விற்பனைப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஞ்சு மார்பகத்தைப் பொருத்திக்கொள்கிறாள். கண்ணாடியில் சட்டை ஒரு பக்கம் மேலேறி நிற்கிறது. "தராசு ஒரு பக்கம் தூக்குதும்மா," என்கிறாள். சிரிக்கவும் அலுப்பாக இருக்கிறது. "போகட்டும், இதையே குடுத்துடு." திரைக்கு வெளியே கணவர் செருமுகிறார். "வேணாம். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." விற்பனைப் பெண்ணிடமிருந்து வாங்கிய சிலிக்கானோடு திரையின் இடுக்கில் அவர் கை நீள்கிறது. "ரொம்ப சில்லுனு இருந்துச்சு. அதான் கையிலயே பொத்தி வெச்சிருந்தேன்." எடை பார்க்காமலே அந்த வெதுவெதுப்பை அவள் வாங்கிக்கொள்கிறாள்.